வெள்ளிக்கிழமைக் கையெழுத்துக்கு முன்

தம்பி,

இந்தக் கடிதத்தை மீன்வாடியில் நின்றுகொண்டு, தராசுச் சத்தத்துக்கு நடுவில் வாசிக்காதே. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி. இதைத் தொலைபேசியிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என்னோடு “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்று சொல்லிக்கொண்டே வேறு யாருக்கோ ஐஸ் போடச் சொல்லிக் கைகாட்டுவாய், எனக்குத் தெரியும். கடிதத்தை வைத்துக்கொண்டு “பிறகு எடுக்கிறன்” என்று சொல்ல முடியாது.

இன்று திங்கட்கிழமை. மத்தியானம் திரும்பிவிட்டது. பரவைக்கடலில் அலை என்று ஒன்றில்லை. தண்ணீரில் படுகிற வெயில் யன்னலால் உள்ளே வந்து அறை முகட்டில் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருக்கிறது. கொழும்புத்துறை வீடுகளில் இந்த நேரத்தில் யாரும் விழித்திருப்பதில்லை. உன் அப்பா சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதன் கனவிலும் பிரேக் போடுகிறார் போல, வலது கால் இடைக்கிடை அசைகிறது. நான் மட்டும் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். நானும் பாதி நித்திரையில்தான் இருக்கிறேன். ஆனால் சொல்ல வந்த விஷயம் என்னைப் படுக்க விடவில்லை.

நேற்று நீ வந்தாய். சாப்பிட்டாய். கை கழுவும்போது, எதுவோ சும்மா கேட்பதுபோல, “அம்மா, உங்கடை பழைய நொத்தாரிசு இன்னும் இருக்கிறாரோ?” என்று கேட்டாய். பருத்தித்துறையில் வாடி வைத்திருக்கிற ஒருவனுக்குக் காணி உறுதி எழுதுகிற யாழ்ப்பாணத்து நொத்தாரிசு எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிறகு நீ முற்றத்தில் அப்பாவுக்குச் சொன்னதெல்லாம் குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது. எனக்குச் சீனி வருத்தம்தான், காதில் ஒரு வருத்தமும் இல்லை. குளிரறை கட்ட வங்கியில் எடுத்த கடன் ஏழு மாதமாகத் தவணை தவறிவிட்டது. அதற்கு ஈடு வைத்தது வதனியின் உடுப்பிட்டி வீடு, அவள் உன்னைக் கட்டும்போது கொண்டுவந்த சீதன வீடு. வங்கி கடைசி அறிவித்தல் அனுப்பிவிட்டது, இனி ஏலம் என்று. வங்கிக் காசை முழுவதும் உன் சிநேகிதன் கட்டுவான். பதிலுக்கு வீட்டை அவன் பெயருக்கு அறுதியாக, விற்ற மாதிரியே, எழுதிக் கொடுக்க வேண்டும். நீ உழைத்துக் கொடுக்கிறபோது அவன் திருப்பி எழுதித் தருவான். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

வதனிக்குத் தெரியுமோ என்று அப்பா கேட்டார். அதற்கு நீ சொன்னது என் காதுக்குள் இன்னும் நிற்கிறது.

“அவவுக்கு இன்னும் சொல்லேல்லை அப்பா. கையெழுத்துக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை வழியிலை சொல்லுவன்.”

அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போனதை நீ கண்டாய். உனக்கு அவர் கோபித்துக்கொண்டார் என்று தோன்றியிருக்கும். கோபமில்லை, தம்பி. அவருக்கு வெட்கம். ஏனென்றால் இதே சொல்லை, இதே முற்றத்தில், அவரும் ஒருநாள் ஒருவருக்குச் சொன்னவர். அந்தக் கதை உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் இருவரும் பொத்திப் பொத்தி வைத்த கதை அது.

உன் அக்காவின் கல்யாணம் லண்டனில் ஒழுங்கான காலம். நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். அவளை அனுப்பவும் மற்றச் செலவுக்குமாகப் பெரிய தொகை தேவைப்பட்டது. அப்பாவுக்கு வேலைத்தலத்தில் பழக்கமான தம்பிராசா அண்ணை தருவதாகச் சொன்னார். உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், வரும்போதெல்லாம் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு வருவார். அவர் கேட்டது ஒன்றுதான். ஈடு வேண்டாம், ஈடென்றால் நாளைக்கு ஏதும் பிழைத்தால் வழக்கு, வாய்தா, வீண் அலைச்சல். அறுதியாக எழுதிவிடுவோம், காசு வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன், வெறும் கடதாசிதானே என்றார். வட்டியும் ஊரில் வாங்குவதை விடக் குறைவு. அப்பாவுக்கு அந்த மனிதர் கடவுள் அனுப்பியவர் மாதிரி இருந்தார். இன்றைக்கும் சொல்கிறேன், அவர் நல்லவர்தான்.

நொத்தாரிசு வீட்டுக்குப் போன அன்று நான் நல்ல சீலை உடுத்திக்கொண்டு போனேன், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. எதற்குப் போகிறோம் என்று அப்பா, தம்பிராசா அண்ணையிடம் சொல்லியிருந்தபடியே, வழியில்தான் எனக்குச் சொன்னார். இந்த வீடு என் தாய் தகப்பன் எனக்குத் தந்த சீதனம் என்பது உனக்குத் தெரியும். எங்கள் தேசவழமையில் மனைவியின் சீதனக் காணியைப் புருஷனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அதனால் நொத்தாரிசு அப்பாவைப் பார்த்து, உமக்குச் சம்மதமோ, எல்லாம் விளங்கினதோ, வாசித்துக் காட்டவோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளை, உதிலை ஒரு ஒப்பம் போடும்” என்றார். வீடு என்னுடையது. கேள்வி எல்லாம் அவருக்கு, ஒப்பம் மட்டும் எனக்கு. நான் போட்டேன். என் எழுத்து அழகாக விழுந்திருக்கிறதா என்று கூடப் பார்த்தேன். அவ்வளவு விசரி நான்.

அதற்குப் பிறகு வந்த காலத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றுமே மாறவில்லை. அதே கதவு, அதே கிணறு, அதே முருங்கை. ஆனால் மத்தியானத்தில் கண்ணயர்ந்து எழும்பும்போது சில நேரம் யாருடைய வீட்டில் படுத்திருக்கிறேன் என்று பிடிபடாது. சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். முற்றத்தைக் கூட்டுகிறபோது, வேறு யாரோ வரும்வரைக்கும் அவர்களுக்காகக் கூட்டி வைக்கிறேன் என்று ஒரு எண்ணம் வரும். தண்ணீருக்குள் நின்று ஊரைப் பார்க்கிற மாதிரி எல்லாம் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருந்தது. அப்பாவிடம் சொன்னபோது, “உமக்குக் கனக்க யோசினை” என்று சிரித்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்தது என்று பத்து வருடம் கழித்துத்தான் சொன்னார்.

மாதம் தவறாமல் வட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். துண்டு வாங்கவில்லை. இதுதான் எங்கள் பெரிய பிழை. நம் ஆட்கள் மட்டும் செய்கிற பிழையும் கூட. அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, அவருடைய மனைவி பாக்கியமக்கா தந்த வடையையும் தின்றுவிட்டு, காசு தந்ததுக்கு ஒரு துண்டு எழுதித் தாருங்கோ என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

தம்பிராசா அண்ணை ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர், விழுந்து போய்விட்டார். செத்தவீட்டில் நான் மனம் விட்டு அழுதேன். அந்தியேட்டி முடிந்து மூன்று மாதத்தில், வெளிநாட்டில் இருக்கிற அவருடைய மகனிடமிருந்து சட்டத்தரணி மூலம் கடிதம் வந்தது. தகப்பன் வாங்கிய வீட்டில் நாங்கள் அனுமதியில்லாமல் இருக்கிறோம், இன்ன திகதிக்குள் வெளியேற வேண்டும் என்று. அந்தப் பிள்ளையிலும் எனக்குக் குற்றமில்லை. அவன் கண்டது உறுதிப் பத்திரத்தை மட்டும்தான். தகப்பன் சொன்ன வாய்ச்சொல் அவனுக்கு எப்படித் தெரியும்? கெட்டவனை நம்பி ஏமாந்திருந்தால் எங்கள் மேல் நாலு பேர் இரக்கப்பட்டிருப்பார்கள். நாங்கள் நம்பியது நல்லவரை. நல்லவர்களும் செத்துப்போவார்கள் தம்பி, உறுதி சாகாது. உன் சிநேகிதன் தங்கமான பிள்ளையாகவே இருக்கட்டும். அவன் ஓடுவதும் மோட்டார் சைக்கிள்தானே.

இனி நான் உனக்கு ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். வழக்கு நடந்த மூன்று வருடமும் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் நான் உனக்குச் சொன்னது, கிளினிக்குக்குப் போறன் என்றுதான். நான் போனது நீதிமன்றத்துக்கு. நீ பயந்துபோய்க் கொழும்பிலிருந்து சீனியில்லாத பிஸ்கட் பெட்டி பெட்டியாக அனுப்பினாய். அதை நீதிமன்ற விறாந்தை வாங்கில் இருந்து நானும் அப்பாவும் தின்றோம். அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

எங்களுக்காக நின்றது ஒரு பெண் சட்டத்தரணி, உன்னை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். இலவச சட்ட உதவிக் கந்தோரில் போய் இருந்தபோது கிடைத்தவள். அவள்தான் எனக்கு நிதானமாகச் சொல்லித் தந்தாள். உறுதியில் அறுதி என்று எழுதியிருந்தாலும், உண்மையில் அது கடனுக்குப் பிணையாகத்தான் எழுதப்பட்டது என்று காட்ட முடிந்தால், வாங்கியவர் அந்த வீட்டை எங்களுக்காகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் கொள்ளலாம். காட்டுவது லேசில்லை. எழுதிய பிறகும் வீட்டில் யார் இருந்தார்கள், வீட்டுக்கான சோலைவரி யார் கட்டினார்கள், நொத்தாரிசின் கூலி யார் கொடுத்தது, உறுதியில் போட்ட விலை வீட்டின் பெறுமதிக்குக் கிட்டவாவது வருகிறதா, இதையெல்லாம் நீதிபதி பார்ப்பார் என்றாள். அப்பா சோலைவரித் துண்டு ஒன்றையும் எறியாத மனிதன், பஸ் ரிக்கற் புத்தகம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார். குளியலறை கட்டிய கணக்கும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. வட்டி கொடுத்ததற்குச் சாட்சி.

அவள் பாக்கியமக்காவைச் சாட்சிக்கு அழைப்போம் என்றாள். நான் ஏலாது என்றேன். தாயை மகனுக்கு எதிராகச் சாட்சிக் கூட்டில் ஏற்றுவதா? அப்பா ஒரு நாள் தானே போய்க் கேட்கிறேன் என்று போனார். ஒரு மணித்தியாலம் இருந்து, மழை பெய்யாததைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தார். பிறகு நான் போனேன். பாக்கியமக்கா தேத்தண்ணி வைத்துத் தந்தார். நான் கேட்டேன். முதல் முறையாக என் வாயால், என் வீட்டைப் பற்றி நானே கேட்டேன். அவர், “தேத்தண்ணி ஆறுது பிள்ளை, குடியும்” என்றார். நான் குடித்துவிட்டு வந்தேன். வழி முழுக்க அழுதேன்.

தவணைக்கு அவர் வந்தார். வெள்ளைச் சீலையோடு, யாரையும் பார்க்காமல் வந்து கூட்டில் ஏறினார். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி, உங்கள் மகனுடைய சொத்து அம்மா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பாக்கியமக்காவின் குரல் கொஞ்சமும் ஆடவில்லை.

“அவை மாதாமாதம் வட்டி தந்தவை. நான்தான் கைநீட்டி வாங்கினனான். வீட்டை விலைக்கு வாங்கினால் வட்டி ஏன் வாங்கவேணும்?”

நான் எங்கோ மிதக்கிற மாதிரி இருந்தேன். வாங்கைப் பிடித்துக்கொண்டேன்.

தீர்ப்பு வரை போகவில்லை. மகன் பக்கம் இணக்கத்துக்கு வந்தது. வட்டியில்லாமல் கடனின் முதல் தொகையை மட்டும் ஒரு வருடத்துக்குள் கட்டுவது, கட்டியதும் அதே நொத்தாரிசு முன் திருப்பி எழுதுவது என்று நீதிமன்றத்திலேயே பதிந்தார்கள். அக்கா பாதி அனுப்பினாள். மிச்சம் அப்பாவின் ஓய்வுக் காசு. கொழும்புத்துறையில் அப்பா ஏன் ஒரு ஓட்டோ கூட வாங்கவில்லை என்று நீ பகிடி பண்ணுவாயே, அந்த ஓட்டோவில்தான் இப்போது நாங்கள் குடியிருக்கிறோம். பாக்கியமக்காவோடு அவருடைய மகன் இரண்டு வருடம் கதைக்கவில்லை. எங்கள் வீடு மீண்டதற்கு அவர் கொடுத்த விலை அது. நான் இன்றுவரை அவருக்கு அதற்கு ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

இப்போது உன்னுடைய கதைக்கு வருகிறேன். வங்கி நீதிமன்றம் போகாமலே வீட்டை ஏலம் போடலாம் என்று சட்டம் இருக்கிறது, அது உண்மைதான். ஆனால் இன்று அறிவித்தல், நாளை ஏலம் என்று நடப்பதில்லை. வங்கியின் மேலிடம் தீர்மானம் எடுக்க வேண்டும், பத்திரிகையில் போட வேண்டும், உங்களுக்குத் திகதி சொல்ல வேண்டும். ஏலத்துக்கு முன் கட்டினால் ஏலம் நிற்கும். நான் இன்று காலையே அந்தச் சட்டத்தரணிப் பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் முதலில் கேட்டது, வந்த கடிதம் எல்லாவற்றையும் மகன் உடைத்துப் பார்த்தாரோ என்றுதான். நீ உடைத்திருக்கமாட்டாய். தகப்பனைப் போலத்தான் நீயும், துண்டுகளை அடுக்கி வைப்பாய், திறந்து பார்க்கமாட்டாய். எல்லாவற்றையும் உடைத்து, திகதி வாரியாக வைத்துக்கொண்டு வங்கி மனேஜரிடம் போ. காலத்தை நீட்டித் தவணைக் காசைக் குறைத்துத் தரும்படி வாயால் கேட்காதே, எழுத்தில் கொடு. கொடுத்ததற்கு முத்திரை குத்திய பிரதி வாங்கு. துண்டு கேட்பது மரியாதைக் கேடு இல்லை என்று உன் அம்மாவே சொல்கிறாள். வங்கியின் கணக்கில் அல்லது அறிவித்தலில் பிழை இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். பிழை இல்லாமல் சும்மா கேட்டால் கிடைக்காது, ஆகவே அதை நம்பி நாளைக் கடத்தாதே.

உடுப்பிட்டி வளவின் பின்பக்கம் ஆறு பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. அதைப் பிரித்து நல்ல விலைக்கு விற்று வங்கியை அடைக்கலாமோ என்று பார்க்கலாம். அதுவும் ஈட்டுக்குள் அடங்கினால் வங்கியின் சம்மதம் வேண்டும், கேட்டால் தருவார்கள், அவர்களுக்குத் தேவை காசு, அங்கே நிற்கிற மாமரம் இல்லை. ஒன்றுமே சரிவராவிட்டால், ஏலத்தில் பாதி விலைக்குப் போக விடாமல் நீங்களே ஊரில் நிற்கிற விலைக்கு வீட்டை விற்று, கடன் போக மிச்சத்தை அவள் கையில் கொடுக்கலாம். கேட்கவே கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அதுவும் கண் முன்னால் நடக்கிற காரியம். உன் சிநேகிதன் உண்மையில் உதவுகிறவன் என்றால், ஈடாக எழுதி வாங்கட்டும். இல்லை, அறுதிதான் வேண்டும் என்றால், இத்தனை வருடத்துக்குள் இன்ன தொகை கொடுத்தால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை அதே உறுதிக்குள் நொத்தாரிசு எழுதட்டும். வெறும் ஒற்றைத் தாளில் எழுதித் தருகிற வாக்குறுதி காணி விஷயத்தில் செல்லாக்காசு. இரண்டுக்கும் அவன் முகம் சுளித்தால், நீ விளங்கிக்கொள்.

இதெல்லாம் எந்தச் சட்டத்தரணியும் சொல்வது. நான் மட்டும் சொல்லக்கூடியது வேறொன்று. பல வருடம் நான் அப்பா மேல் மனதுக்குள் கறுவிக்கொண்டு இருந்தேன், என்னைக் கேட்காமல் செய்தார் என்று. அண்மையில்தான் ஒரு மத்தியானம், இதே மேசையில் முருங்கைக்காய் சீவிக்கொண்டிருக்கும்போது, உண்மை பிடிபட்டது. அன்று என்னைக் கேட்டிருந்தாலும் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. பிழைத்தால் அவர் தலையில், சரிவந்தால் நான் நல்ல பெண்சாதி. ஆனால் கேட்டுவிட்டு நான் ஓம் சொல்லியிருந்தால், வட்டிக்குத் துண்டு நானே வாங்கியிருப்பேன். முதல் மாதத்திலேயே பாக்கியமக்காவிடம் நானே கதைத்திருப்பேன். என் வீட்டை நான் காத்திருப்பேன். கேட்காமல் விட்டதால் நான் அந்த வீட்டுக்குள் பத்து வருடம் விருந்தாளியாக இருந்தேன். வதனியை அப்படி ஆக்காதே. அவள் உன்னை விடக் கணக்குத் தெரிந்தவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள். வழியில், பஸ்ஸில், அரை வசனத்தில் சொல்லுகிற விஷயமா இது?

இவ்வளவையும் எழுதும்போது அப்பா எழும்பிவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நின்று முழுக்க வாசித்தார். நொத்தாரிசு வீட்டைப் பற்றி எழுதிய இடத்தைத் திரும்பவும் வாசித்தார். வெட்டச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய்ச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“இஞ்சேரும், இன்னொண்டு பார்த்து எழுதும். நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்.”

ஆகவே இதை நான் இரண்டு தரம் எழுதுகிறேன். உன்னுடையதைத் தபாலில் போடுகிறேன், புதன்கிழமை வாடிக்கு வரும். மற்றதை அப்பா இன்றைக்கே உடுப்பிட்டிப் பஸ்ஸில் கொண்டுபோய், பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்திருக்கும் வதனியின் கையில் கொடுப்பார். அதன் மேல் நான் எழுதியிருப்பது அவளுடைய பெயரை மட்டும்தான். நீ என்னோடு கோபிக்கலாம், எத்தனை நாளைக்கென்றாலும் கோபி, நான் தாங்குவேன்.

இதை நீ வாசிக்கிறபோது அவள் வாசித்து இரண்டு நாள் ஆகியிருக்கும். இரண்டு நாளும் உனக்குச் சோறு போட்டிருப்பாள், ஒன்றும் கேட்டிருக்கமாட்டாள். அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதே, தம்பி. நீயாகச் சொல்லுகிறாயோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா